ஜார்ஜ் தெருவின் தண்டவாளங்கள்

சிட்னி நகரின் ஜார்ஜ் தெரு ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய தெருக்களில் ஒன்று. 1788இல் கைதிகளை ஏற்றிக்கொண்டு வந்த பிரிட்டிஷ் கப்பல்கள் துறைமுகத்தில் நங்கூரமிட்ட பிறகு, கரையிலிருந்து தெற்கே ஆட்கள் போய்வந்து உண்டான தடம்தான் நாளடைவில் தெருவாகியது. 1810இல் ஆளுநர் லாக்லன் மக்குவாரி அதற்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரைச் சூட்டினார். திட்டமிட்டு அகலமாக வகுத்த தெரு அல்ல அது; நடந்தவர்களின் கால் வகுத்தது. பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் அந்தப் பிறப்பே ஒரு காரணம்.

1855இல் சிட்னிக்கும் பாரமட்டாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபோது, நகர எல்லையை ஒட்டிய ரெட்ஃபெர்னில் நிலையம் அமைந்தது. வடகோடியில் சர்க்குலர் கீ படகுத்துறை. இரண்டுக்கும் நடுவே கடைகளும் வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த நகர மையம். ரயிலில் இறங்கியவர் மூட்டை முடிச்சோடு படகுத்துறைக்குப் போக வேண்டுமென்றால் குதிரை வண்டி பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நடக்க வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் சிட்னி மீண்டும் மீண்டும் தெருவைத் தோண்டித் தண்டவாளம் பதித்தது.

முதல் தண்டவாளம் ஜார்ஜ் தெருவுக்கு இணையாக ஓடும் பிட் தெருவில் 1861 டிசம்பரில் வந்தது. குதிரை இழுக்கும் டிராம். அதன் தண்டவாளம் சாலை மட்டத்துக்குச் சமமாக இல்லாமல் மேலே துருத்திக்கொண்டு நின்றது. ஏறக்குறைய அதே காலத்தில் லண்டனில் ஜார்ஜ் பிரான்சிஸ் டிரெய்ன் என்ற அமெரிக்கர் பதித்த தண்டவாளத்திலும் இதே குறைதான். அங்கே எதிர்ப்பு கிளம்பிச் சீக்கிரமே பெயர்த்தெடுக்க வைத்தார்கள். பிட் தெருவில் வண்டிச் சக்கரங்கள் இரும்பில் மோதிச் சேதமடைந்தன. வண்டிக்காரர்களும் கடைக்காரர்களும் ஓயாமல் முறையிட்டார்கள்.

1864 ஜனவரியில் அந்த டிராமிலிருந்து இறங்கும்போது ஐசக் நாதன் என்ற முதியவர் சக்கரத்தில் சிக்கி இறந்தார். இவர் சாதாரண ஆள் இல்லை. லண்டனில் பைரன் பிரபுவின் கவிதைகளுக்கு இசையமைத்துப் பெயர் பெற்றவர். 1841இல் சிட்னிக்குக் குடியேறி, ஆஸ்திரேலிய இசையின் தந்தை என்று அழைக்கப்பட்டவர். தென் அரைக்கோளத்தில் டிராம் விபத்தில் நேர்ந்த முதல் சாவு இதுவே என்பார்கள். அவர் முழுதாகக் கீழே கால் வைக்கும் முன் வண்டி நகர்ந்துவிட்டது. இறங்குவதற்கென்று மேடையும் இல்லை, தெருவில் ஒதுக்கிய இடமும் இல்லை. 1866 முடிவில் பிட் தெரு டிராம் நிறுத்தப்பட்டது. நாதனின் சாவைவிட வண்டிச் சக்கரங்களின் சேதமே அந்த முடிவுக்குப் பெரிய காரணம் என்பது அந்தக் காலத்தின் கணக்கைக் காட்டுகிறது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து டிராம் திரும்பி வந்தது, தற்காலிக ஏற்பாடாக. 1879இல் சிட்னியில் பன்னாட்டுக் கண்காட்சி நடந்தது. கூட்டத்தைக் கொண்டுசேர்க்க, ரயில் நிலையத்திலிருந்து எலிசபெத் தெரு வழியாக ஹன்டர் தெரு வரை நீராவி டிராம் விட்டார்கள். அமெரிக்காவின் பால்ட்வின் ஆலையில் செய்த எஞ்சின்கள், பின்னால் மாடிப்பெட்டிகள். கண்காட்சி முடிந்ததும் எடுத்துவிடுவதாகத்தான் பேச்சு. வருமானத்தைப் பார்த்த அரசு எடுக்கவில்லை. மாறாகப் புறநகர்களுக்கெல்லாம் நீட்டியது. புகை, தணல், மிரளும் குதிரைகள் எல்லாமே நகர மையத்தில் அன்றாடக் காட்சியாயின.

ஜார்ஜ் தெருவுக்கே தண்டவாளம் வந்தது 1899 டிசம்பரில். இந்த முறை மின்சாரம். அல்டிமோவில் கட்டிய மின் நிலையம் இந்தத் தடத்துக்காகவே எழுந்தது. அந்தக் கட்டடம் பிற்காலத்தில் பவர்ஹவுஸ் அருங்காட்சியகமாயிற்று. சென்னைக்காரர்கள் இதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்: 1895 மே மாதத்திலேயே சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. அங்கே முதலில் தெருவுக்கு அடியில் ஒரு கால்வாய் அமைத்து அதற்குள் மின்கம்பியை ஓட்டினார்கள். பருவமழை வெள்ளத்தில் அந்த ஏற்பாடு நிலைக்காமல் போகவே தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள். நடப்பவர் காலுக்குக் கீழே மின்சாரத்தை ஓடவிடும் எண்ணம் நூறு ஆண்டுக்கு மேல் கழிந்து சிட்னியில் வேறு உருவில் திரும்பியதைப் பின்னால் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி சிட்னி டிராமின் பொற்காலம். 1908 முதல் வந்த ‘ஓ’ வகை வண்டிகள் அறுநூறுக்கும் மேல். பக்கச் சுவர் இல்லாமல், குறுக்கு வாட்டில் பெஞ்சுகள் போட்டு, இரு பக்கமும் நீளப் படிக்கட்டுப் பலகை வைத்தவை. உள்ளே நடைவழி இல்லாததால் நடத்துநர் ஓடும் வண்டியின் வெளிப்பலகையில் ஒட்டிக்கொண்டே நகர்ந்து பயணச்சீட்டுக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் போகும் லாரி உரசினால் அவ்வளவுதான். நடத்துநர்கள் விழுந்து அடிபடுவதும் சாவதும் தொடர்ந்து நடந்தன. ஆனாலும் பலகையில் நின்று சீட்டுக் கொடுக்கும் முறை ஏறக்குறைய டிராமின் கடைசிக் காலம் வரை ஒழியவில்லை. ஆபத்தானது என்று எல்லோருக்கும் தெரிந்தும், மலிவானது என்பதற்காகவே ஒரு பழக்கம் அரை நூற்றாண்டு நீடித்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

பயணிகளின் பாடும் லேசானதல்ல. தண்டவாளம் தெருவின் நடுவில் இருந்தது. நடைபாதையில் நிற்பவர் டிராம் வந்ததும் சாலைக்குள் இறங்கி நடுத்தெருவுக்குப் போய் ஏற வேண்டும். குதிரை வண்டிகள் ஓடிய வரை இதைச் சமாளிக்க முடிந்தது. 1920களில் மோட்டார் கார் பெருகியதும் அந்தச் சில அடித் தூரமே ஆபத்தான இடமாக மாறியது. டிராம் நேர்கோட்டில் வருவதால் அது எங்கே வரும் என்று நடப்பவருக்குத் தெரியும். கார் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. இருந்தும் நெரிசலுக்கான பழி டிராமின் மேல்தான் விழுந்தது. அசையாத் தடத்தில் ஓடும் வண்டி காருக்கு வழிவிட முடியாதே, அதுதான் குற்றம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் பங்கீட்டினால் கூட்டம் உச்சத்தைத் தொட்டது. போர் முடிந்ததும் கார்கள் திரும்பின; பேருந்தே போதும் என்று மாநில அரசு முடிவு கட்டியது. 1950களின் இறுதியில் ஜார்ஜ் தெருத் தடம் மூடப்பட்டது. சிட்னியின் கடைசி டிராம் 1961 பிப்ரவரி 25 அன்று ஓடியது. படகுத்துறைக்குப் பக்கத்தில் கோட்டை வடிவில் நின்ற ஃபோர்ட் மக்குவாரி டிராம் கொட்டகையை 1958இல் இடித்தார்கள். அந்த இடத்தில்தான் உலகமறிந்த ஓபரா மாளிகை எழுந்தது.

அடுத்த அரை நூற்றாண்டு ஜார்ஜ் தெரு பேருந்துகளின் தெரு. நெரிசல் நேரத்தில் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நிற்கும். இரு பக்கமும் குறுகிய நடைபாதையில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு போகும். 2007இல் சிட்னி மாநகராட்சி டென்மார்க் நகரமைப்பாளர் யான் கேலை அழைத்து நகர மையத்தை ஆராயச் சொன்னது. ஜார்ஜ் தெருவிலிருந்து கார்களை விலக்கி, நடப்பவர்களுக்கும் இலகு ரயிலுக்கும், அதாவது இக்கால டிராமுக்கும், அதைக் கொடுங்கள் என்பது அவர் பரிந்துரையின் சாரம். 1950களின் இறுதியில் தெருவைக் காப்பாற்ற டிராமை விரட்டினார்கள். இப்போது அதே காரணத்துக்காகக் காரை விரட்ட வேண்டும் என்றார்கள். மாநில அரசு 2012இல் 160 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்பில் திட்டத்தை அறிவித்தது. மாநகராட்சி தன் பங்காக 22 கோடி டாலர் தந்தது.

2015 அக்டோபரில் ஜார்ஜ் தெருவைத் தோண்டத் தொடங்கினார்கள். பழைய டிராமுக்குத் தண்டவாளம் பதித்ததைப் போன்ற வேலை இல்லை இது. இன்றைய இலகு ரயிலுக்குத் தடித்த கான்கிரீட் தளம் வேண்டும். தளத்தின் அடியில் குழாயோ கம்பியோ இருந்தால் அதைப் பழுதுபார்க்க ஒவ்வொரு முறையும் ரயிலை நிறுத்த நேரும். ஆகவே தண்டவாளத்துக்கு முன்பே அடியில் உள்ள மின்கம்பி, எரிவாயுக் குழாய், குடிநீர்க் குழாய், சாக்கடை, தொலைபேசிக் கம்பி அத்தனையையும் இடம் மாற்றியாக வேண்டும். இருநூறு ஆண்டுத் தெருவுக்கு அடியில் என்னென்ன கிடக்கும் என்று எந்த வரைபடமும் முழுதாகச் சொல்லவில்லை. மின்வாரியத்தின் நிலத்தடி அறைகளை எப்படி மாற்றுவது என்பதில் கிளம்பிய தகராறு கட்டுமான நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையே வழக்காக முற்றி, 2019இல் 57.6 கோடி டாலர் வரை கூடுதலாகத் தர அரசு ஒப்புக்கொண்டதில் முடிந்தது. மொத்தச் செலவு 310 கோடி டாலரைத் தாண்டும் என்று மாநிலத் தணிக்கைத் தலைவர் 2020இல் கணக்கிட்டார்.

பணம் ஒரு பக்கம். தெருவில் நடப்பவர்களுக்கு இந்த ஆண்டுகள் சோதனைக் காலம். உயரத் தடுப்புகள் எழுந்தன, நடைபாதை ஒடுங்கியது, சாலையைக் கடக்கும் இடம் நேற்று இருந்த இடத்தில் இன்று இராது. தடுப்புக்குப் பின்னால் மறைந்துபோன கடைகளுக்கு ஆள் வரவு குறைந்தது. சில மாதங்களில் முடியும் என்று சொன்ன இடங்களில் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடைக்காரர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2023இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்களில் சிலருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிறகு மேல்முறையீடு என்று வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கட்டி முடித்த டிராம் பாதுகாப்பானதா என்ற கேள்விக்குக் கிடைத்த கவனத்தில் கால் பங்கு கூட, கட்டும் காலத்தில் தெருவில் நடமாட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

2019 டிசம்பர் 14 அன்று சர்க்குலர் கீயிலிருந்து ராண்ட்விக் வரை ஓட்டம் தொடங்கியது. கிங்ஸ்ஃபோர்டு கிளை 2020 ஏப்ரல் 3 அன்று திறந்தது. சர்க்குலர் கீக்கும் டவுன் ஹாலுக்கும் இடையே மேல்கம்பி கிடையாது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பதித்த மூன்றாவது தண்டவாளம் மின்சாரம் தருகிறது. அது துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. ரயில் முழுதாக மூடி நிற்கும் துண்டில் மட்டுமே மின்சாரம் பாயும், மற்றவை உயிரற்றுக் கிடக்கும். ஆகவே நடப்பவர் அதை மிதித்துக்கொண்டு போகலாம். பிரான்சின் போர்தோ நகரில் 2003இல் முதன்முதலாக வந்த முறை இது.

தெருவின் முக்கியப் பகுதியில் கார்கள் அறவே இல்லை. நடைபாதைக்கும் தடத்துக்கும் நடுவே வேலி வைக்கவில்லை. கருங்கல் பாவிய தளம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் விரிகிறது. வேலி வைத்தால் தெரு இரண்டாகப் பிளந்துபோகும் என்பது வடிவமைப்பாளர்களின் வாதம். அந்த வாதத்துக்கு ஒரு விலை உண்டு. இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிப்புக் குறைவு. டிராம் கார் போலச் சட்டென்று நிற்காது, ஒதுங்கவும் முடியாது. அவசரத்துக்கு மணல் தூவும் கருவியும், தண்டவாளத்தைக் கவ்வும் மின்காந்தத் தடையும் உண்டு. ஆனால் உள்ளே நின்றுகொண்டு வரும் பயணிகள் சரிந்து விழாமல் எவ்வளவு வேகமாக நிறுத்த முடியுமோ அவ்வளவுதான் எல்லை. போதாததற்கு மின்சார வண்டி ஓசையில்லாமல் வரும். நடப்பவர்களில் பலர் கைபேசியைப் பார்த்துக்கொண்டோ காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டோ போகிறவர்கள். ஆகவே நகர மையத்தில் ஓட்டுநர்கள் மணியடித்துக்கொண்டு மெதுவாகத்தான் போகிறார்கள்.

சிட்னி வண்டிகள் இரண்டிரண்டாக இணைந்து 67 மீட்டர் நீளத்தில் ஓடுகின்றன. நிறுத்தத்தில் நிற்கும்போது நீண்ட சுவர் போலத் தெருவை மறிக்கும் இதைச் சுற்றிப் போக மனமில்லாதவர்களுக்கு, இரண்டு வண்டிகளுக்கும் நடுவே உள்ள இணைப்பு இடைவெளி குறுக்கு வழியாகத் தெரிந்தது. 2023 மே மாதத்தில் ஓர் அதிகாலை, மார்க்கெட் தெரு சந்திப்புக்கு அருகே அந்த இடைவெளி வழியாகக் கடக்க முயன்ற இளம்பெண் ஒருத்தி வண்டி புறப்பட்டதில் சிக்கி இறந்தாள். ஓட்டுநர் இருப்பது முன்பக்கத்தில். நடு இணைப்பில் நடப்பது அவர் நேர்ப் பார்வையில் படாது. இணைப்பு இடைவெளியை எப்படி அடைப்பது என்ற கேள்வி அதன்பிறகே பொதுவெளியில் உரக்க எழுந்தது.

2024 டிசம்பர் 20 அன்று மேற்கே பாரமட்டாவில் இன்னோர் இலகு ரயில் தடம் திறந்தது. வெஸ்ட்மீடிலிருந்து கார்லிங்ஃபோர்டு வரை 12 கிலோமீட்டர். வெஸ்ட்மீடும் அதை அடுத்த பகுதிகளும் சிட்னித் தமிழர்கள் நிறைய வாழும் இடங்கள். உணவகங்கள் நெருங்கிய சர்ச் தெரு வழியாக இந்தத் தடம் போகிறது. அங்கும் மேல்கம்பி இல்லாமல் மின்கலத்தில் ஓடுகிறது. இங்கே ஓடும் வண்டி 45 மீட்டர் நீளமுள்ள ஒற்றை வண்டி. அதில் உள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போகலாம், நடுவில் இரண்டு வண்டிகளை இணைக்கும் இடைவெளி கிடையாது. ஜார்ஜ் தெரு விபத்துக்கு முன்பே வாங்க முடிவான வண்டிகள் என்பதால், அதிலிருந்து கற்ற பாடம் என்று இதைச் சொல்ல முடியாது.