ஓய்வுபெறும் வண்டிகளும் எமது கடமையும்

இருப்புப் பாதை மட்டக்களப்புடன் முடிவடைந்து விடுவதனால், மருதமுனை, கல்முனை முதல் பொத்துவில் வரையிலான எமது கரையோர மக்களின் கல்வியும் வர்த்தகமும் வைத்திய வசதியும் பல்லாண்டுகளாக பஸ் வண்டிகளிலேயே தங்கியிருக்கின்றன. இவ்வாறு உழைத்த வண்டிகள் சேவையிலிருந்து நீக்கப்பட்டபின் என்னவாகின்றன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தலைநகரின் ட்ராம் வண்டிகள் இவ்விடயத்தில் எமக்கோர் படிப்பினையாகும்.

கொழும்பில் 1899ஆம் ஆண்டு ஆரம்பமான மின்சார ட்ராம் சேவை, கோட்டையைப் பொரளையுடனும் கிராண்ட்பாஸுடனும் இணைத்தது. 1944இல் மாநகர சபை அதனைப் பொறுப்பேற்றது. 1953 முதல் மின்கம்பியில் இயங்கும் ட்ரொலி பஸ்கள் அதன் இடத்தைப் பிடிக்கலாயின. 1960இல் ட்ராம் ஓய்ந்தது. 1964இல் ட்ரொலி பஸ்ஸும் மறைந்தது. இன்றைய தலைமுறை அவற்றைப் பழைய புகைப்படங்களிலேயே காண்கின்றது.

பிற நாடுகளிலும் பெரும்பாலான ட்ராம்கள் இரும்புக்கும் செம்புக்குமாக உடைக்கப்பட்டன. விலைபோகாத மர உடல்கள் எரிக்கப்பட்டன. 1952இல் ட்ராம் சேவையை நிறுத்திய லண்டன், தனது வண்டிகளில் பலவற்றைச் சார்ள்டன் பகுதியில் தீயிட்டது. எனினும் சுமார் தொண்ணூறு வண்டிகள் லீட்ஸ் நகருக்கு விற்கப்பட்டு மீண்டும் ஓடின. லண்டனில் ட்ராமுக்குப் பதிலாக வந்த இரட்டைத்தட்டு பஸ் ரகமும் பின்னர் நூற்றுக்கணக்கில் இலங்கைக்கு விற்கப்பட்டு, எமது நாட்டு வீதிகளில் உழைத்தது.

சான் பிரான்சிஸ்கோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கழிக்கப்பட்ட குதிரை ட்ராம்கள் கடற்கரையில் குடியிருப்புகளாயின. அதே நகரில் 1995 முதல், பல நகரங்களிலிருந்து சேகரித்துப் புதுப்பிக்கப்பட்ட பழைய ட்ராம்கள் நாளாந்தம் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. பழையது அனைத்தும் பயனற்றதல்ல என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

எமது நாட்டில் 2021 ஜூனில், இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கழிவு பஸ்கள் மீனினப் பெருக்கத்திற்கென வடகடலில் இறக்கப்பட்டன. தமிழக மீனவர்கள் அதனை எதிர்த்தனர். கடலை நம்பி வாழும் எமது பிரதேசத்திலும் இத்தகைய திட்டம் முன்வைக்கப்படுமாயின், எண்ணெயும் இறப்பரும் முற்றாக அகற்றப்படுவதும் மீனவர் சங்கங்களின் சம்மதம் பெறப்படுவதும் அவசியமாகும்.

அனைத்து வண்டிகளையும் பாதுகாப்பது இயலாத காரியம். ஆயினும், நீண்டகாலம் இக்கரையோர வீதியில் ஓடிய பஸ் ஒன்றையேனும் கல்முனையில் பேணி வைத்து, அதன் சாரதிகள், நடத்துநர்களின் அனுபவங்களையும் பதிவு செய்ய வேண்டும். தலைநகர் ட்ராம் விடயத்தில் நேர்ந்த தவறு இங்கும் நேரக்கூடாது என்பதே எமது வேண்டுகோளாகும்.