சர்வர் எஸ்எஸ்டி

டேட்டா சென்டர் சர்வர்களுக்கென்றே செய்யப்படும் சேமிப்புச் சாதனம். உள்ளே சுழலும் தட்டோ அசையும் முள்ளோ கிடையாது. நேண்ட் ஃபிளாஷ் சில்லுகளும், அவற்றை ஆளும் கட்டுப்படுத்திச் சில்லும்தான். மடிக்கணினியில் இருக்கும் எஸ்எஸ்டியும் இதே வகைச் சில்லுகளால் ஆனதே. சர்வர் வகையைத் தனியாக்குவது வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். மின்சாரம் திடீரென்று நிற்கும்போது, எழுதிக்கொண்டிருந்த தரவு பிழைக்குமா என்பதில்தான் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு.

புதுச்சேரி போன்ற கடற்கரை ஊருக்கு இந்தக் கேள்வி மிகவும் நெருக்கமானது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட ஊரில் பில் போடும் கடை, மருத்துவமனை, அரசு அலுவலகம் என எதில் சர்வர் வைத்தாலும் இந்தக் கேள்வி எழும்.

சுழலும் தட்டில்லாத சேமிப்பின் தொடக்ககாலக் கருவிகளில் ஃபிளாஷ் இல்லை. 1978-இல் ஸ்டோரேஜ்டெக் நிறுவனம் பெருங்கணினிகளுக்கு விற்ற 4305 என்ற கருவி 45 மெகாபைட் கொண்டது; விலை ஏறத்தாழ 4 லட்சம் டாலர். மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காத ஃபிளாஷ் சில்லு தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகாவிடமிருந்து வந்தது. ஃபிளாஷ் நினைவகத்தை 1984-இலும் நேண்ட் வகையை 1987-இலும் அவர் அறிவித்தார். கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா 1988-இல் இருவருடன் சேர்ந்து, பின்னாளில் சான்டிஸ்க் என்று பெயர் பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1991-இல் அந்நிறுவனம் ஐபிஎம்முக்குச் செய்து கொடுத்த 20 மெகாபைட் ஃபிளாஷ் வட்டு, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் சில்லு உட்கார முடியும் என்று காட்டியது.

சர்வர் அறைக்குள் ஃபிளாஷ் பரவலாக நுழைந்த ஆண்டு 2008. ஜனவரியில் இஎம்சி நிறுவனம் தன் பெரிய சேமிப்பு அமைப்புகளில் ஃபிளாஷ் வட்டுகளைப் பொருத்துவதாக அறிவித்தது. அதே ஆண்டு வந்த இன்டெல் எக்ஸ்25-இ, நொடிக்கு 35,000 சிறு வாசிப்புகளைச் செய்தது. நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும் அந்நாளைய சிறந்த ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 200 வாசிப்புகளைத்தான் செய்யும். ஹார்ட் டிஸ்குக்காக எழுதிய சாட்டா நெறிமுறையே அதன்பின் இடைஞ்சலாகிவிட, 2011 மார்ச்சில் ஃபிளாஷ் வட்டுகளுக்கான என்விஎம்இ 1.0 நெறிமுறை வெளியானது. 2013-இல் சாம்சங், தரவைத் தாங்கும் ஃபிளாஷ் செல்களை 24 அடுக்காகச் செங்குத்தாக நிறுத்திய பிறகு கொள்ளளவு மளமளவென்று ஏறியது. 2024-இல் சாலிடைம் நிறுவனம் அறிவித்த ஒற்றை வட்டின் கொள்ளளவு 122.88 டெராபைட்.

மின்தடையைச் சர்வர் எஸ்எஸ்டி தாங்கும் முறை எளிமையானது, அழகானது. வரும் தரவை வட்டு முதலில் மின்சாரம் போனால் மறந்துவிடும் தன் டிராம் நினைவகத்தில் வாங்கிக்கொள்கிறது. எந்தத் தரவு எந்தச் செல்லில் இருக்கிறது என்ற அட்டவணையும் அங்கேதான் இருக்கும். மின்சாரம் அறுந்தால், பலகையில் வரிசையாகப் பற்றவைத்த மின்தேக்கிகள் சில மில்லிநொடிகளுக்கு உயிர் கொடுக்கின்றன. அதற்குள் கையிலிருந்தது முழுவதும் ஃபிளாஷில் இறங்கிவிடும். இந்த உறுதி இருப்பதால், டிராமில் வாங்கியவுடனேயே ‘எழுதியாயிற்று’ என்று டேட்டாபேஸுக்குப் பதில் சொல்ல முடிகிறது. சாதாரண எஸ்எஸ்டியில் இந்தத் தேக்கிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஃபிளாஷ் வரை போய்வர வேண்டியிருப்பதால் அது திணறுகிறது. விலை குறைவு என்று அதை வாங்கிச் சர்வரில் செருகுவது எந்த ஊரிலும் தவறு; புயல் பாதையில் இருக்கும் ஊரில் பெருந்தவறு.

தேக்கி இருந்தும் காப்பாற்ற முடியாத பழுதுகள் உண்டு. தான் விற்ற சில எஸ்எஸ்டி மாதிரிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும் என்றும், உள்ளிருக்கும் தரவை மீட்க முடியாது என்றும் 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் எச்சரித்தது. காரணம், வட்டின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரில் இருந்த பிழை. ஒரே நாளில் பொருத்தி இயக்கிய வட்டுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சாகும் என்பதால், ஒரு வட்டு கெட்டாலும் மற்ற வட்டுகளைக் கொண்டு தரவைக் காக்கும் ரெய்டு அமைப்பும் அங்கே உதவாது. ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதும் வேறிடத்தில் நகல் வைப்பதுமே வழி.

இந்த வட்டுகளுக்கான நேண்ட் செல் வடிக்கும் ஆலை இந்தியாவில் இல்லை. மெஹ்ரோத்ரா 2017 முதல் தலைமை வகிக்கும் நினைவகச் சில்லு நிறுவனமான மைக்ரான், குஜராத்தின் சானந்தில் சில்லுகளைக் கட்டிச் சோதிக்கும் ஆலைக்கு 2023-இல் அடிக்கல் நாட்டியது. புதுச்சேரிக்கு ஏறத்தாழ 150 கி.மீ. வடக்கே, கடலடிக் கேபிள்கள் கரையேறும் சென்னையில், அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இத்தகைய வட்டுகளைப் பயன்படுத்தும் பெரிய டேட்டா சென்டர்கள் நிற்கின்றன.

புதுச்சேரிக்குச் சேமிப்பு என்பது கணினிக்கு முந்தைய கவலை. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும், தூரகிழக்குக்கான பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையத்திலும் உள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டால் பனையோலை சில நூற்றாண்டு நிற்கும். சர்வர் எஸ்எஸ்டிக்கு அந்தக் குணம் இல்லை. சில்லுத் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் 2010-ஆம் ஆண்டுத் தரத்தின்படி, எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த சர்வர் எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 40 டிகிரி வெப்பத்தில் 3 மாதம் தரவைக் காத்தால் போதும். மடிக்கணினி வகைக்கு 30 டிகிரியில் ஓராண்டு. புதிய வட்டு இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் செல்லில் அடைபட்ட மின்னூட்டம் வெப்பம் கூடக்கூட வேகமாகக் கசியும். சித்திரை வெயிலில் குளிரூட்டாத அறை அலமாரியில் பழைய எஸ்எஸ்டியைப் போட்டுவைத்து அதைக் காப்பகம் என்று நம்பக்கூடாது.

இத்தகைய சுவடிகளைப் படமெடுத்துச் சேமித்தால், அந்த ஓலைப்படங்களை ஆய்வாளர்கள் உடனுக்குடன் திறந்து பார்க்க எஸ்எஸ்டி பொருத்தமானது. மூலப்படிக்கு உகந்தது, முப்பது ஆண்டு வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்டிஓ காந்த நாடா. அதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது: எல்டிஓ-9 கருவி எல்டிஓ-8 வரைதான் படிக்கும் என்பதால், நாடா கெடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய தலைமுறை நாடாவுக்குப் படியெடுத்தாக வேண்டும்.