ஆசிரியனுக்கு ஆசிரியன் யார்?

மருத்துவம் கல்லாதான் நாடி பிடித்தல் தகாது என்பர். சட்டம் கல்லாதான் வழக்காடுதல் ஆகாது என்பர். ஆயின், பிள்ளைகட்குக் கற்பிக்கும் தொழிலுக்கு மாத்திரம் எழுத்தறிந்தாற் போதும் என்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணம் மாறிய வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடமுண்டு.

ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில், இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்க்கென ஏற்பட்ட பள்ளியின் தலைமையை ஏற்றார். நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்த விழைந்தார். உதவியாசிரியர்கள் உடன்பட்டிலர். எனவே, எட்டு வயதினனாகிய ஜான் பிரிஸ்கன் என்னும் மாணவனையே ஏனையோர்க்குக் கற்பிக்க அமர்த்தினார். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை ஒத்த இம்முறையைப் பெல் 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' எனப் பெயர் பெற்று அது பல நாடுகளிற் பரவிற்று. 1798-இல் இலண்டனிற் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் இதனையொத்த முறையைக் கையாண்டு, ஓராசிரியரைக் கொண்டே நூற்றுக்கணக்கான பிள்ளைகட்குக் கற்பித்தார்.

செலவு குறைந்தது, குறையும் விரைவில் வெளிப்பட்டது. சட்டாம்பிள்ளை தான் கேட்டதைத் திருப்பிச் சொல்வான். விளங்காத பிள்ளைக்கு வேறு வழியில் விளக்க அறியான்.

பிரஷ்யா தேசத்தாரோ ஆசிரியர்க்கெனத் தனிக் கலாசாலைகள் நிறுவியிருந்தனர். பிரான்சில் 1833-இல் கீஸோ இயற்றிய சட்டம், ஒவ்வொரு மாவட்டமும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியை ஆதரிக்க வேண்டுமென விதித்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் அரசாங்கம் 1839-இல் லெக்சிங்டனில் திறந்த பயிற்சிப் பள்ளிக்கு முதல் நாள் வந்தோர் மூன்று பெண்களே. அதற்கு உழைத்த ஹொரேஸ் மான் 1843-இல் பிரஷ்யாவைச் சுற்றிப் பார்த்தார். அங்கே புத்தகத்தைக் கையில் ஏந்தியபடி பாடங்கேட்கும் ஆசிரியரைத் தாம் காணவில்லை என்று வியந்தெழுதினார். இங்கிலாந்தில் கே ஷட்டில்வர்த் 1840-இல் பாட்டர்சியில் பயிற்சிக் கல்லூரி அமைத்தார். பின்லாந்து 1863-இல் யுவஸ்கூலாவில் தொடங்கி, 1979-இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கும் முதுகலைப் பட்டம் வேண்டுமென்றது.

நிற்க. நம் மலாயாவில் நிகழ்ந்தது யாது? 1922-இல் தஞ்சோங் மாலிமில் மலாய் ஆசிரியர்க்கெனச் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்திற் பள்ளி வேண்டுமென்றது. பள்ளி என்ற பெயரிற் கொட்டகை எழுந்தது. கற்பிப்பார்க்கோ அத்தகைய கல்லூரி அந்நாளில் இல்லை. கங்காணியும் கிராணியும், எழுத்தறிந்த தொழிலாளியுமே பல தோட்டங்களில் வாத்தியாராயினர். அவர்தம் தொண்டை நாம் இகழோம். பயிற்றாது விட்டவர்களையே குறை கூறுகிறோம்.

நாமும் ஒரு கிராணியே. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற செருக்கால், தோட்டத்துப் பிள்ளைகட்கு மாலையிற் கணக்குக் கற்பிக்க முன்வந்தோம். பின்னக் கணக்கு நமக்குத் தெளிவு, பிள்ளைகட்கோ இருள். மும்முறை சொன்னோம், மூன்று முறையும் ஒரே சொற்களையே சொன்னோம். சட்டாம்பிள்ளை செய்ததும் அதுவன்றோ? அறிதல் வேறு, அறிவித்தல் வேறு என்பதை அன்று உணர்ந்தோம்.

ஆதலின் பெற்றோர்களே, பள்ளிச் சுவர்க்குச் சுண்ணாம்பு பூசப்பட்டதா என்று பார்ப்பதோடு அமையாதீர். உள்ளே நிற்பவர்க்குக் கற்பிக்கக் கற்றுக் கொடுத்தவர் யார் என்றும் கேளுங்கள். கேளாத சமூகத்துக்குச் சட்டாம்பிள்ளையே கிடைப்பான்.