‘இந்தியாவின் டெட்ராய்ட்’: ஓர் அடைமொழியின் இலக்கணம்

சென்னையை ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று வருணிக்காத முதலீட்டு மாநாட்டு மலர் அரிது. மிச்சிகன் மாநிலத்து நகரம் ஒன்றின் பெயர் நம் அரசு அறிக்கைகளிலும் நாளிதழ்த் தலைப்புகளிலும் இவ்வளவு சரளமாகப் புழங்குவதை வெறும் புகழ்மொழி என்று விட்டுவிட முடியாது. அது எதைச் சுட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று காண நம் ஆகுபெயர் இலக்கணம் ஒன்றே போதும். சான்றுகளுக்குச் சென்னையின் மேற்குப் புறநகரில் பாடி, அம்பத்தூர், ஆவடி வழியே செல்லும் சி.டி.எச். (சென்னை–திருவள்ளூர் நெடுஞ்) சாலையைத் தாண்டவும் வேண்டியதில்லை.

பெயரின் கதை சிறியது. 1701-இல் காடிலாக் என்ற பிரெஞ்சு அதிகாரி, செயின்ட் கிளேர் ஏரியையும் ஈரி ஏரியையும் இணைக்கும் ஆற்றின் கரையில் ஒரு கோட்டையை நிறுவினார். அந்த நீர்வழிக்குப் பிரெஞ்சில் ‘தெத்ருவா’ என்று பெயர். பாக் நீரிணையில் வரும் ‘நீரிணை’தான் அதன் பொருள். ஆங்கிலம் பேசுவோர் வாயில் அது டெட்ராய்ட் ஆயிற்று, பொருள் உதிர்ந்தது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் மூன்றும் அந்நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வேரூன்றிய பிறகு, அமெரிக்கப் பத்திரிகை மொழியில் ‘டெட்ராய்ட் விலையை ஏற்றியது’ என்றால் கார் கம்பெனிகள் ஏற்றின என்று பொருள். ‘டெல்லி மறுத்துவிட்டது’ என்று நாம் எழுதும் அதே இடவாகுபெயர்.

சென்னைக்கு வந்தபோது அச்சொல் இன்னொரு படி ஏறியிருந்தது. நீரிணை ஊருக்கு ஆகி, ஊர் தொழிலுக்கு ஆகி, தொழில் அதைப் போன்ற வேறோர் ஊருக்கு ஆயிற்று. கடைசிப் படி உவமையாகுபெயர். ‘கார் அறுத்தான்’ என்பதில் கருநிறம் மேகத்துக்கும், மேகம் பருவத்துக்கும், பருவம் நெல்லுக்கும் ஆகிவருவதை மும்மடியாகுபெயர் என்பது இலக்கண மரபு. டெட்ராய்ட்டையும் அந்த வரிசையில் வைக்கலாம் என்பது என் துணிபு. ‘இந்தியாவின்’ என்ற அடை வெளிப்படையாக நிற்பதால் இது உருவகமே என்று மறுப்போர் உண்டு. ஆனால் தாய்லாந்தும் இதே பட்டத்தைச் சூடிக்கொள்கிறது; எந்த டெட்ராய்ட் என்று பிரித்துக்காட்டத்தான் அடை தேவைப்படுகிறது. சிறப்புப்பெயர் பொதுப்பெயராகிவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2013-இல் டெட்ராய்ட் மாநகராட்சி திவால் மனு கொடுத்தது. சென்னையின் பட்டத்துக்கு அதனால் எந்தச் சேதமும் இல்லை. சொல் அந்த ஊரை விட்டு எப்போதோ கழன்றுவிட்டிருந்தது.

இதே போலச் சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்கிறோம். அது டீக்கடையிலும் செல்லும். ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ மேடையை விட்டு இறங்காத தொடர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பேச்சில் அது வராது.

வராததற்குக் காரணம் உண்டு. இத்தொடரைச் சொல்வோர் மனத்தில் இருப்பவை முழுக் காரை உருட்டி வெளியே விடும் ஆலைகள்: 1998-இல் உற்பத்தியைத் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், 2022-இல் மூடப்பட்ட மறைமலைநகர் ஃபோர்டு. சி.டி.எச். சாலையோர மேற்குப் புறநகர் அவற்றுக்கு ஒரு தலைமுறை மூத்தது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் நிறுவப்பட்டது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1961-இலும் சுந்தரம் கிளேட்டன் 1962-இலும் வந்தன, 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பேட்டையின் சந்து ஒன்றில் நுழைந்தால் ஷெட்டுக்கு ஷெட் லேத்து, மில்லிங், பிரஸ். ஓரிடத்தில் கடைந்த புஷ்ஷுக்கு அடுத்த தெருவில் முலாம் பூசுவார்கள். எண்ணெய் மின்னும் உருப்படிகள் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அடுக்கப்பட்டு லோடு ஆட்டோவில் ஏறும். இந்த வேலைக்கு அங்கே வழங்கும் பெயர் ‘ஜாப் ஒர்க்’. உதிரிபாகம் செய்வோரின் இந்த உலகம் பட்டத்துக்குள் அடங்குவதில்லை. இத்தனைக்கும், பாடியில் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் 1990-களிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. அசல் டெட்ராய்ட்டோடு நேரடிக் கொடுக்கல் வாங்கல் அந்த மூடிக்கும் இருந்தது.

இன்னொரு விடுபாடு ஆவடி. இரண்டாம் உலகப்போரில் டெட்ராய்ட்டை ஒட்டிய வாரன் என்ற ஊரில் கிரைஸ்லர் நடத்திய டாங்கி ஆலை அந்நகரின் பெருமைகளில் ஒன்று. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1965-இல் விஜயந்தா டாங்கியை வெளியிட்டது. உவமை மிகப் பொருந்தும் இடம் இதுதான். ஆனால் ஆவடியை யாரும் டெட்ராய்ட் என்பதில்லை. பொதுத்தன்மை இருந்தால் மட்டும் உவமையாகுபெயர் பிறந்துவிடாது, அதைச் சொல்லி விற்க ஒருவர் வேண்டும் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

இப்பகுதி மக்கள் தாமாக ஆக்கிய ஆகுபெயர்கள் எதிர்த்திசையில் செல்கின்றன. டெட்ராய்ட்டில் ஊர்ப்பெயர் தொழிலுக்கு ஆயிற்று; இங்கே கம்பெனிப் பெயர் இடத்துக்கு ஆகிறது. ‘டன்லப் ஒண்ணு’, ‘பிரிட்டானியா ரெண்டு’ என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்பவர் டயரையோ பிஸ்கட்டையோ நினைப்பதில்லை. ‘எஸ்டேட்’ என்ற பொதுப்பெயரோ அடையே இல்லாமல் ஒரே ஓர் இடத்தைக் குறிக்கும் சிறப்புப்பெயராகிவிட்டது. 1959-இல் எழுந்த டன்லப் ஆலையில் உற்பத்தி ஓய்ந்த பின்னும் நிறுத்தத்தின் பெயர் நிற்கிறது. ஆலை ஓடியவரை அது காரணப்பெயர். ஆலையைப் பார்த்திராத தலைமுறைக்கு, நீரிணையை அறியாத அமெரிக்கர்க்கு டெட்ராய்ட் எப்படியோ அப்படி, இடுகுறிப்பெயர்.