வண்ணம் தீட்டும் முன் வரலாறு தெரியட்டும்

பந்தய ஓட்டுநருக்குத் தலைக்கவசம் வடிவமைக்கும் போட்டி என்று மாணவர்களிடம் அறிவித்துப் பாருங்கள். அவர்கள் முதலில் தேடுவது வண்ணப் பென்சிலைத்தான். தீப்பிழம்பு, புலி, கழுகு, மின்னல் என்று தாள் நிறைந்துவிடும். அழகாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கவசம் எதற்காக வந்தது, அதன்மேல் வண்ணம் ஏன் ஏறியது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டு வரைந்தால், அந்த ஓவியமே வேறாக இருக்கும் என்பது என் கருத்து.

முதலில் கவசத்தின் கதை. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மருத்துவராக இருந்தவர் எரிக் கார்ட்னர். தலையில் அடிபட்டு வந்த மோட்டார் சைக்கிளோட்டிகளைப் பார்த்துப் பார்த்து, கித்தான் துணியில் அரக்கு பூசிக் கெட்டிப்படுத்திய கவசம் ஒன்றை அவர் உருவாக்கினார். 1914-ஆம் ஆண்டு ஐல் ஆஃப் மேன் தீவின் டிடி மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. கார் பந்தயக்காரர்கள் பலரோ அதற்குப் பிறகும் நெடுங்காலம் துணித் தொப்பியோடுதான் ஓட்டினார்கள். ஃபார்முலா 1 உலகப் போட்டி 1950-இல் தொடங்கியது. அதில் தலைக்கவசம் கட்டாயமானது 1952-இல்தான். முகம் முழுவதையும் மூடும் கவசத்தை 1968-இல் அங்கே கொண்டுவந்தவர் அமெரிக்கரான டான் கர்னி.

கவசம் எப்படி உயிர் காக்கிறது? வெளி ஓடு, விழும் அடியை ஓரிடத்தில் தாங்காமல் பரவலாக்குகிறது. உள்ளே இருக்கும் நுரைப் பொருள் நசுங்கிக்கொடுத்துத் தலையின் வேகத்தைச் சற்று மெல்லக் குறைக்கிறது. நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. அதனால்தான் பலத்த அடிபட்ட கவசத்தில் கீறல் தெரியாவிட்டாலும் அதை மாற்றச் சொல்கிறார்கள்.

அடுத்தது வண்ணம். ஒரே குழுவின் இரண்டு கார்களும் ஒரே நிறத்தில் பறக்கும்போது, ஓட்டுபவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தலையைப் பார்த்துத்தான். 1962-லும் 1968-லும் உலக வெற்றியாளரான கிரஹாம் ஹில், தாம் சேர்ந்திருந்த லண்டன் படகுக் கழகத்தின் அடையாளத்தைக் கவசத்தில் வைத்தார். கருநீலத்தின் மேல் வெள்ளைத் துடுப்புகள்! அதே சின்னத்தோடு அவருடைய மகன் டேமன் ஹில் 1996-இல் வெற்றியாளரானார். ஸ்காட்லாந்துக்காரரான ஜாக்கி ஸ்டூவர்ட், தம் குலத்துக்குரிய கட்டம்போட்ட துணி வடிவத்தைப் பட்டையாகச் சுற்றிக்கொண்டார். பிரேசிலின் அயர்ட்டன் சென்னாவுக்கு சிட் மொஸ்கா என்ற கலைஞர் தீட்டித் தந்தது மஞ்சள் கவசம். அதில் பச்சை, நீலப் பட்டைகள்.

இந்த மூன்றிலும் சிக்கலான ஓவியம் எதுவும் இல்லை. தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். பின்னால் ஒரு குடும்பமோ, ஊரோ, நாடோ இருக்கும். பிற்காலத்தில் சிலர் பந்தயத்துக்குப் பந்தயம் கவசத்தை மாற்றினார்கள். யார் யாரென்று ரசிகர்கள் குழம்புவதாகக் கருதி, 2015-இல் அதற்குத் தடையே வந்தது. 2020-இல்தான் அது விலக்கப்பட்டது.

ஆனால் வண்ணம் உயிரைக் காப்பதில்லை. உலகமே அறிந்த அந்த மஞ்சள் கவசத்தோடுதான் சென்னா 1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலாவில் விபத்துக்குள்ளாகி இறந்தார். அதன்பின் 2004-இல் பந்தயக் கவசங்களுக்குக் கடுமையான புதிய தரவிதி வந்தது. 2009-இல் ஹங்கேரியில், முன்னால் சென்ற காரிலிருந்து தெறித்த ஒரு ஸ்பிரிங், இன்னொரு பிரேசில் ஓட்டுநரான ஃபெலிப்பே மாஸாவின் கவசத்தைத் தாக்கியது. அவர் பிழைத்தார், மறு ஆண்டே பந்தயத்துக்குத் திரும்பினார். அந்த விபத்து கற்பித்த பாடத்தால், 2011 முதல் கண்ணாடித் தடுப்பின் மேல்பகுதியில் உறுதியான பட்டை ஒன்று கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. வடிவமைப்பு என்றால் இதுவும்தானே?

இத்தகைய போட்டிகளை விளையாட்டு என்று ஒதுக்கவும் கூடாது. 2017-இல் லூயிஸ் ஹாமில்டன் தம் கவசத்தை வடிவமைக்க ரசிகர்களை அழைத்தார். பிரேசிலைச் சேர்ந்த ராய் கல்டாட்டோவின் வடிவம் தேர்வானது. செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. 2001-இல் மலேசியாவின் அலெக்ஸ் யூங்கும், 2005-இல் கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயனும் ஃபார்முலா 1 போட்டிகளில் ஓட்டினார்கள். நம் பிள்ளைகளுக்கு இது எட்டாத உலகம் அல்ல.

ஆயினும் நம் பிள்ளைகள் நாள்தோறும் அணிவது பந்தயக் கவசம் அல்ல. மோட்டார் சைக்கிள் கவசம். மலேசியாவில் 1973 முதல் அது சட்டப்படி கட்டாயம். அப்படியிருந்தும் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்தாம். தாடைப் பட்டையைப் பூட்டாமல் பறக்கும் இளைஞர்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம். இன்னும் சிலர் தங்கள் கவசத்துக்குத் தாங்களே சாயம் அடிக்கிறார்கள். அந்தச் சாயமும் தின்னரும் பிளாஸ்டிக் ஓட்டைப் பலவீனப்படுத்தக்கூடும்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படியொரு போட்டி வைத்தால் மாணவர்களிடம் இரண்டு தாள் கேளுங்கள். ஒன்றில் ஓவியம் வரையட்டும். மற்றொன்றில், அந்த ஓவியத்துக்கு அடியில் இருக்கும் ஓடும் நுரையும் பட்டையும் என்ன வேலை செய்கின்றன என்று எழுதட்டும். முதல் தாளுக்குப் பரிசு ஒருவருக்குத்தான் கிடைக்கும். இரண்டாவது தாளின் பயன் எழுதிய எல்லாருக்கும் கிடைக்கும். அன்று மாலை மோட்டார் சைக்கிளில் ஏறும்போது அந்தப் பிள்ளையின் கை தானாகவே தாடைப் பட்டையைப் பூட்டும்.