பதுங்குகுழியில் பிறந்த மேலங்கி

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் நம்மவர்களுக்குச் செப்டெம்பர் பிறந்ததும் ஒரு வேலை காத்திருக்கும். அலுமாரியின் மேல்தட்டில் மடித்து வைத்த கம்பளி உடைகளை இறக்கி, எது இன்னும் அளவாக இருக்கிறது, எதைப் புதிதாக வாங்க வேண்டும் என்று பார்க்கும் வேலைதான் அது. தமிழன் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தான். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். ஈழத்தில் அது மழைக்காலம். ஒரு குடையும் உலர்ந்த சாரமும் இருந்தால் அதைக் கடந்துவிடலாம். லண்டனிலும் ரொரன்ரோவிலும் அதே மாதங்கள் இலையுதிர் காலமாகி, மனிதனின் தோற்றத்தையே மாற்றிவிடுகின்றன.

அந்த அலுமாரியில் தொங்கும் உடைகளின் வரலாற்றைச் சற்றே தேடிப் பார்த்தபோது ஓர் உண்மை என்னை வியப்பில் ஆழ்த்தியது. நாகரிகத்தின் அடையாளம் என்று நாம் எண்ணும் இவ்வுடைகளிற் பல போர்முனைகளோடு பிணைந்தவை.

முன்புறம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டையான கார்டிகனை எடுத்துக்கொள்வோம். கார்டிகன் என்பது ஒரு பிரித்தானியப் பிரபுவின் பட்டம். கிரிமியப் போரில், 1854 ஒக்ரோபர் 25ஆம் திகதி, பலக்லாவா என்ற இடத்தில் 600க்கும் மேற்பட்ட குதிரைவீரர்களை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நடத்திச் சென்றவர் அவர். அந்தத் தாக்குதல் பெரும் உயிரிழப்பில் முடிந்தது. பிரபு உயிருடன் திரும்பினார். அவருடைய பெயர் ஒரு சட்டைக்கு நிலைத்தது. அதே போரின் தலைமைத் தளபதி ரக்லன் பிரபு. 1815இல் வாட்டர்லூவில் வலது கையை இழந்தவர். கழுத்துவரை நீளும் ரக்லன் கைக்கு அவர் பெயர்தான். முகத்தை மூடும் கம்பளிக் குல்லாய்க்கோ பலக்லாவா என்ற ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. ஆக, ஒரே போர் இலையுதிர் கால அலுமாரிக்கு மூன்று பெயர்களைக் கொடுத்துள்ளது.

இவற்றுள் அதிகம் பேசப்படவேண்டியது ட்ரெஞ்ச் கோட்டு. ட்ரெஞ்ச் என்றால் பதுங்குகுழி. ஈழத்தமிழருக்கு விளக்கம் தேவைப்படாத சொல் அது. முற்றத்தில் வெட்டி, பனங்குற்றி பரப்பி, மண்மூட்டை அடுக்கிய குழியை அறியாத வடக்குக் கிழக்குக் குடும்பங்கள் குறைவு.

இக்கோட்டின் கதை மழையோடு தொடங்குகிறது. 1823இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மக்கின்ரொஷ், இரு துணிகளுக்கு இடையே கரைத்த இறப்பரைப் பூசி, நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். மழை உள்ளே வரவில்லை. வியர்வை வெளியே போகவுமில்லை. வெயிலில் அது ஒட்டும், குளிரில் விறைக்கும். பின்னர் தோமஸ் பர்பரி என்ற ஆங்கிலத் துணி வணிகர் வேறு வழி கண்டார். நூலையே நீர் ஒட்டாதபடி பதப்படுத்தி நெருக்கமாக நெய்த கபடீன் துணிக்கு 1888இல் காப்புரிமை பெற்றார். காற்று புகுந்து வெளியேறும். மழையோ எளிதில் ஊடுருவாது.

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. பிரித்தானிய அதிகாரிகள் தமது சீருடையைத் தாமே வாங்கவேண்டும் என்பது அன்றைய முறை. சேறும் நீரும் நிறைந்த பதுங்குகுழிகளுக்கு அவர்கள் வாங்கிய கோட்டே இது. தோளில் உள்ள பட்டி பதவிச் சின்னம் குத்துவதற்கு. இடுப்புப் பட்டியின் உலோக வளையங்கள் பொருட்களைக் கொழுவுவதற்கு. மார்பின் மேல் மடிப்பு மழைநீரை வழியவிடுவதற்கு. உள்ளே குளிருக்குக் கழற்றி மாட்டக்கூடிய கம்பளி. நிறமோ காக்கி. புழுதி நிறம் என்று பொருள்தரும் அச்சொல், பிரித்தானியர் இந்தியாவில் கற்றுக்கொண்டது.

சாதாரண சிப்பாய்க்கு இக்கோட்டு அனுமதிக்கப்படவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. தண்ணீரையும் சேற்றையும் உறிஞ்சிப் பாரமேறும் கனத்த கம்பளி மேலங்கிதான் அவனுக்கு. ஒரே குழியில், ஒரே மழையில், உடை மனிதரை இரண்டாகப் பிரித்தது. போர் முடிந்தபின் அக்கோட்டு நகர வீதிக்கு வந்தது. 1942இல் 'காசாபிளாங்கா' திரைப்படத்தில் ஹம்பிரி போகார்ட் அணிந்த பிறகு அது காதலின் உடையாகவும் ஆயிற்று. சேறு மறக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் எமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த இறப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவிடப்பட்டு, நாற்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. கம்பஹாவின் ஹெனரத்கொடவில் அவை நடப்பட்டன. பின்னர் களுத்துறை, கேகாலை மாவட்டங்களில் தோட்டங்கள் பரவின. 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் யப்பானிடம் வீழ்ந்தபோது நேசநாடுகளின் இயற்கை இறப்பருக்கு இலங்கையே முதன்மை ஆதாரமாயிற்று. மரங்களின் ஆயுளைப் பாராமல் பால் வடிக்கப்பட்டது. விடியுமுன் கத்தியும் வாளியுமாக மலையேறியவர்களுள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பலர். போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அச்சமூகத்தில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. உலகத்தைப் போரில் வெல்லவைத்த கைகளுக்கு வாக்குச்சீட்டுக்கூட மிஞ்சவில்லை.

1983இன் பின்னர் வெளிநாடு சென்றவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் குளிரைப் பற்றி ஒரு பந்தியாவது இருக்கும். தேவாலய மண்டபத்தில் கொடுத்த பழைய கோட்டு, கை நீளமான கம்பளிச் சட்டை, நண்பர் மூவர் முறைவைத்து அணிந்த மேலங்கி என்று எழுதுவார்கள். குண்டுக்கு அஞ்சிப் பதுங்குகுழிக்குள் இறங்கிய பிள்ளை, கடல் கடந்து, இன்னொரு பதுங்குகுழியில் பிறந்த கோட்டினுள் புகுந்து குளிரைத் தாங்கினான். அந்த உடையின் பிறப்பை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதன் தையலை வேறு எவரையும்விட நன்றாக அவன் விளங்கிக்கொண்டிருப்பான்.

இன்று அவனுடைய பிள்ளைகள் இலையுதிர் காலத்துக்கு என்ன வாங்கலாம் என்று கேட்கிறார்கள். வரலாறு தரும் விடை சுருக்கமானது. உள்ளே கம்பளி, வெளியே நீர் ஒட்டாத துணி. இவ்விரண்டையும் வேண்டியபோது கூட்டவும் குறைக்கவும் வசதி. பருவத்துக்குப் பருவம் மாறும் பத்து உடைகளிலும் பழுதுபார்க்கக்கூடிய ஒன்று மேல். ஒவ்வொரு பட்டிக்கும் வளையத்துக்கும் ஒரு தேவை இருந்ததாலேயே அந்தக் கோட்டு நூறாண்டு கடந்தும் நிற்கிறது. ஒருவரின் தனித்துவமான உடைப்பாங்கும் அப்படித்தான். தன் தேவை எது என்று அறிந்தவருக்கு அது தானே அமைந்துவிடும்.

வசதி வந்தபின் பலர் அந்த முதற் கோட்டை எறிந்துவிட்டார்கள். இன்னும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எறியவேண்டாம். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது எந்தக் குளிரில், யார் கொடுத்து, எப்படி உங்கள் தோளுக்கு வந்தது என்று சொல்லுங்கள். எமது மக்களின் இடப்பெயர்வு பற்றிய ஆவணங்கள் நூலகங்களில் மட்டுமல்ல, அலுமாரிகளிலும் இருக்கின்றன.