பாட்டுக் கோப்பு சொல்லும் எண்ணை நம்பலாமா?

நம்ம கோவைப் பக்கத் தோட்டங்களில் போர் மோட்டார் பெட்டிக்குள் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்ட்டர் என்று ஒரு கருவி இருக்கும். மூன்று ஃபேஸும் வருகிறதா என்று பார்த்துத்தான் மோட்டாரை ஓட விடும். ஒன்று போனாலும் நிறுத்திவிடும், காயில் தப்பிக்கும். மென்பொருளிலும் இப்படி ஒரு காவல் வேண்டும். அந்தக் காவலே ஏமாந்துபோனதுதான் 2015 ஸ்டேஜ்ஃபிரைட் கதை.

ஆண்ட்ராய்டில் பாட்டையும் வீடியோவையும் பிரித்துப் படிக்கும் நிரல் தொகுப்புக்குப் பெயர் ஸ்டேஜ்ஃபிரைட். ஜிம்பீரியம் நிறுவனத்தின் ஜோஷுவா டிரேக் அதில் கண்டுபிடித்த ஓட்டைகள் அந்த வருஷம் ஜூலையில் வெளியே வந்தன. ஆபத்தில் இருப்பவை சுமார் 95 கோடி ஃபோன்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. ஒரு எம்எம்எஸ் வந்தாலே போதும். சில ஃபோன்களில் திறக்கக்கூட வேண்டாம்.

எப்படி? எம்பி4 கோப்பு தன்னைப் பற்றித் தானே சொல்லும்: என்னிடம் இத்தனை பதிவுகள் இருக்கு என்று. ஒவ்வொன்றும் 12 பைட். 35,79,13,942 பதிவுகள் என்று அது புளுகினால், பெருக்கி வருவது 429,49,67,304. 32 பிட் எண்ணின் உச்சமோ 429,49,67,295. தாண்டினால் பழைய வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி சைபருக்குத் திரும்பி, விடை வெறும் 8 ஆகிவிடும். 8 பைட் இடம் ஒதுக்கிவிட்டு அதைத் தாண்டி எழுதப் போனால் நிரல் விழும். எழுதுவதைத் திட்டமிட்டு அனுப்பியவன் கெட்டிக்காரனாக இருந்தால், ஃபோனே அவன் கைக்குப் போகும்.

கவனிங்க, கோப்பின் நீளத்தோடு ஒப்பிடும் வரி அங்கே ஏற்கெனவே இருந்தது. அந்த வரியும் இதே பெருக்கலைத்தான் செய்தது!

ஆகஸ்டில் இன்னொரு ஓட்டைக்குப் போட்ட ஒட்டும் இப்படியே தோற்றது. எல்லையிலிருந்து கோப்பு சொன்ன அளவைக் கழித்துப் பார்த்தார்கள். அளவு எல்லையைவிடப் பெரிதானால் மைனஸ் வரணும். குறியில்லாத எண்ணில் மைனஸ் ஏது? பிரம்மாண்டமான எண் வந்து, "இடம் தாராளம்" என்று உள்ளே விட்டது. எக்ஸோடஸ் இன்டெலிஜென்ஸ் காட்டிக்கொடுத்த பிறகு மறுபடி திருத்தினார்கள். அக்டோபரில் எம்பி3 பாட்டு வழியாகவே புது ஓட்டைகள் வந்தன.

கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் தர ஆரம்பித்தது அந்த ஆகஸ்டில்தான். 2016-இல் வந்த நூகட்டில், மீடியா நிரலில் எண் வழிந்தால் அந்த நிரலையே நிறுத்திவிடும் ஏற்பாடு வந்தது. பிரிவென்ட்டர் டிரிப் ஆவது போல.

ஆடியோ ஃபங்ஷன் எழுதுபவர்களுக்கு இதில் பாடம் ஒன்றுதான். வந்த எண்ணைப் பெருக்கிவிட்டுச் சோதிக்காதீங்க. இருக்கும் இடத்தை 12-ஆல் வகுத்து, வந்த எண் அதற்குள் அடங்குதா என்று பாருங்க. வகுத்தால் வழியாது.